ஓர் அடைமொழியின் பூர்வோத்தரம்

இங்கிலீஷ் படிக்கிறவர்களுக்கு அகராதியில் எப்போதாவது சில விநோதமான அடைமொழிகள் அகப்படும். அவற்றைத் தெரிந்துகொள்வதால் அன்றாடக் காரியம் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆபீஸிலோ, கடைத்தெருவிலோ, ரயில் பிரயாணத்திலோ அவற்றை உபயோகிக்கச் சந்தர்ப்பமே வராது. ஆனாலும் ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்காது. நினைவின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கும். 'கோரிபாண்டிக்' என்பது எனக்கு அப்படிப்பட்ட ஒரு வார்த்தை. அடக்க முடியாத உற்சாகத்தில், கை கால் தன் வசத்தில் இல்லாமல், கொட்டும் கூச்சலுமாகக் குதித்துக் கூத்தாடுகிற நிலைக்கு அது அடைமொழி.

வார்த்தையை நான் சந்தித்தது டி. எச். ஹக்ஸ்லியின் எழுத்தில். டார்வினுக்காக வாதாடிய அதே ஹக்ஸ்லிதான். வார்த்தைகள் விஷயத்தில் அவர் லேசுப்பட்டவர் அல்ல. கடவுள் உண்டு என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன் என்கிறவர்களுக்கு 'அக்னாஸ்டிக்' என்று 1869ல் பெயர் வைத்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர், தமக்குப் பிடிக்காத ஒரு மதக் கூட்டத்துக்கு 'கோரிபாண்டிக் கிறிஸ்தவம்' என்று பெயர் சூட்டினார். சூட்டிய பெயர் இன்றைக்கும் அகராதிகளில் அந்த வார்த்தைக்கு உதாரணமாக நிற்கிறது. அந்தப் பெயர் நியாயமானதுதானா என்று யோசிக்கத் தொடங்கியதிலிருந்து, இது ஒரு வார்த்தையைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல, நாவல் எழுதுகிறவன் எங்கே நின்று எழுதுகிறான் என்கிற விஷயமும் ஆகும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

முதலில் வார்த்தையின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன ஆசியாவில் பிரிஜியா என்று ஒரு பிரதேசம். அங்கே மலைகளுக்கும் மிருகங்களுக்கும் தாயாக வணங்கப்பட்ட தெய்வம் சிபெலெ. அவளுடைய பரிவாரங்கள் கோரிபாண்டர்கள். தலையில் கொண்டை வைத்த கவசமும், கையில் ஆயுதமும், பறையும் தாளமுமாக ஆடுகிறவர்கள். அவர்களுடைய ஆட்டத்துக்கு உயிர் கொடுத்த வாத்தியம் ஆலோஸ் என்பது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அதைப் புல்லாங்குழல் என்று எழுதிவிட்டார்கள். புல்லாங்குழலைக் கேட்டு மனிதனுக்கு வெறி வருமா என்று நம்மவர்களுக்குச் சந்தேகம் தோன்றுவது நியாயமே. உண்மையில் அது சீவாளி வைத்து ஊதுகிற ஜோடிக் குழல். நாகஸ்வரத்துக்குத்தான் கிட்டத்து உறவு.

கிரேக்கர்கள் கோரிபாண்டர்களையும் கிரீட் தீவின் கியூரீட்டர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியும் பேசினார்கள். கியூரீட்டர்கள் கதை தனி அழகு கொண்டது. குழந்தை ஜியூஸைத் தகப்பன் குரோனஸ் விழுங்கிவிடாமல் ஒரு குகையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். குழந்தை அழுதால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அவர்கள் குகையைச் சுற்றி ஆடிக்கொண்டு கேடயத்தில் ஆயுதத்தைத் தட்டி ஆரவாரம் செய்கிறார்கள். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது பைத்தியக்காரக் கூத்து; குகைக்குள் இருக்கிற குழந்தைக்கு அது உயிர்ப் பாதுகாப்பு. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹானிபாலோடு நடந்த யுத்தம் முடிவு காணாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது, கி.மு. 204ல், ரோமர்கள் இந்தத் தாயைக் கறுப்புக் கல் உருவில் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தெய்வம் வேண்டியிருந்தது, ஆனால் அவளுடைய பூசாரிகளின் ஆட்டம் வேண்டியிருக்கவில்லை. ரோமப் பிரஜை எவனும் அந்தப் பூசாரியாகக் கூடாது என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். வரம் மட்டும் வேண்டும், சன்னதம் வேண்டாம் என்கிற இந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லா ஊர்களிலும் நடுத்தர வர்க்கத்துக்கு இயல்பானதுதான்.

இங்கிலீஷ் மொழியில் இப்படிப் பூர்வாசிரமத்தில் சாமி ஆடிய வார்த்தைகள் இன்னும் பல இருக்கின்றன. 'என்தூஸியாஸம்' என்றால் இன்று வெறும் உற்சாகம். மூலத்தில் உள்ளே தெய்வம் புகுந்த நிலை. நம்முடைய 'ஆவேசம்' என்ற வடசொல்லும் உள்ளே புகுதல் என்றுதான் பொருள்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'என்தூஸியாஸம்' ஒரு வசைச்சொல். 1755ல் வெளிவந்த ஜான்ஸன் அகராதி, தெய்வம் தனக்குத் தனியாக அருள்வாக்குச் சொல்வதாக வீணே நம்புவதையே அதற்கு முதல் அர்த்தமாகத் தருகிறது. மெதடிஸ்ட் பிரசங்கிகளைத் திட்டுவதற்கு அந்த வார்த்தை பயன்பட்டது. 'பானிக்' என்ற பீதி, பான் என்கிற காட்டுத் தெய்வம் தந்தது. 'பனாடிக்' என்பது லத்தீனில் கோயில் என்ற வார்த்தையிலிருந்து பிறந்து, தெய்வம் ஏறிய பூசாரிகளுக்கு அடைமொழியாக இருந்தது. அதைத்தான் 'பான்' என்று குறுக்கி, நடிகருக்கும் விளையாட்டு வீரருக்கும் பின்னால் ஓடுகிறவர்களுக்குச் சூட்டினார்கள் என்று சொல்லுகிறார்கள். நம்மவர்கள் காற்று வீசுகிற சாமானின் பெயர் என்று அதை எடுத்துக்கொண்டு 'விசிறி' என்று தமிழாக்கி, அந்தத் தமிழும் நிலைத்துவிட்டது. சாமி ஆடியவன் பனையோலையாகிவிட்டான்!

இந்த வார்த்தைகளெல்லாம் காலப்போக்கில் சூடு ஆறிப்போனவை. 'கோரிபாண்டிக்' மட்டும் ஆறவில்லை. அதிகப் புழக்கம் இல்லாததனாலேயே அதன் பறைச் சத்தம் இன்னும் அதற்குள் கேட்கிறது. ஆனால் இங்கிலீஷில் அதற்கு ஒரு குணம் ஏற்பட்டிருக்கிறது. அது எப்போதும் பிறரைப் பற்றியே சொல்லப்படுகிற வார்த்தை. "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று ஒருவன் சொல்லலாம். "நான் கோரிபாண்டிக்காக இருக்கிறேன்" என்று எவனும் சொல்லமாட்டான். ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன், தெருவில் போகிற ஊர்வலத்தைப் பார்த்துச் சொல்லுகிற வார்த்தை அது.

ஹக்ஸ்லி பார்த்த ஊர்வலம் ரட்சணிய சேனையினுடையது. வில்லியம் பூத் என்பவர் 1865ல் லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைகளிடையே தொடங்கிய ஊழியம், 1878ல் 'சேனை' என்ற பெயரை ஏற்றது. பூத் ஜெனரல் ஆனார். உத்தியோகஸ்தர்கள், உடுப்பு, கொடி, பாண்டு வாத்தியம், பெரிய பறை, பெண்கள் கையில் கஞ்சிரா எல்லாம் வந்து சேர்ந்தன. இந்தச் சத்தத்தை எதிர்த்து ஊருக்கு ஊர் கலகம் நடந்தது. 'எலும்புக்கூட்டுச் சேனை' என்று போட்டிக் கூட்டம் வைத்துக் கல்லெறிந்தார்கள். பிறர் கல்லெறிகிறார்கள் என்பதற்காகச் சட்டப்படி ஊர்வலம் போகிறவர்களைக் குற்றவாளிகளாக்க முடியாது என்று 1882ல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

1890ல் பூத் ஒரு புத்தகம் போட்டார். இங்கிலாந்தின் இருண்ட பகுதிகளில் அமிழ்ந்து கிடக்கிற ஏழைகளைக் கைதூக்கிவிட ஒரு பெரிய திட்டம்: மலிவுச் சாப்பாடு, ராத்தங்கல், வேலை, பண்ணைக் குடியேற்றம். அதைத் தொடங்க 1,00,000 பவுன் கேட்டார். ஹக்ஸ்லியின் நண்பர் ஒருவர் பெருந்தொகை கொடுக்கத் தயாராக இருந்து, கொடுக்கலாமா என்று ஹக்ஸ்லியையே கேட்டார். கூடாது என்பது ஹக்ஸ்லியின் முடிவு. ஏன் கூடாது என்பதை 1890 டிஸம்பரிலிருந்து 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். ஒரே மனிதனுக்குக் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிகிற சேனை அபாயமானது. கூட்டத்தின் உணர்ச்சியைக் கிளப்பிவிட்டு நடத்துகிற தர்மம் கடைசியில் கொடுங்கோன்மையில் போய் முடியும். அஸிஸி பிரான்ஸிஸ் ஏற்படுத்திய சபைகூட வெகு சீக்கிரத்தில் தன் லட்சியத்திலிருந்து வழுவிவிட்டது. இவைதாம் அவருடைய வாதங்கள்.

வாதம் பலமானது. இருபதாம் நூற்றாண்டின் சரித்திரத்தைப் படித்த நமக்கு, பறையடித்துக் கூட்டம் சேர்க்கிற ஒற்றைத் தலைவர்களைப் பற்றி ஹக்ஸ்லியைவிட அதிகமாகவே தெரியும். ஆனால் வாதம் பலமாக இருக்கும்போது அந்த அடைமொழி எதற்கு? வாதம் தலைவனைத் தாக்குகிறது. அடைமொழி, தெருவில் கஞ்சிரா தட்டிக்கொண்டு போகிற வேலைக்காரப் பெண்ணின்மேல் போய் விழுகிறது. அவள் ஏன் தட்டுகிறாள், நேற்று வரைக்கும் எந்தச் சாராயக் கடை வாசலில் புருஷனுக்காகக் காத்து நின்றாள், இன்றைக்கு என்ன கிடைத்தது என்று அவள் நினைக்கிறாள் என்பதையெல்லாம் அந்த வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒரு சேதி உண்டு. அந்தக் காலத்தில் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் உபயோகித்தார்கள். வேலை செய்தவர்களுக்குத் தாடை எலும்பு அழுகிப்போகும். இந்த ரட்சணிய சேனைதான் 1891ல் லண்டனில் ஒரு தொழிற்சாலை வைத்து, கெடுதல் இல்லாத சிவப்புப் பாஸ்பரஸில் தீக்குச்சி செய்து, மற்ற இடங்களைவிடக் கூலியும் அதிகமாகக் கொடுத்துக் காட்டியது. பறையடித்த அதே ஜனங்கள்தாம். சிவப்புப் பாஸ்பரஸைக் கோரிபாண்டிக் என்று யாரும் சொல்லமுடியாது. அதனால் ஹக்ஸ்லி சொன்ன அபாயம் பொய்யாகிவிடுமா? ஆகாது. இரண்டும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பிடிக்கப் பத்திரிகைக் கடிதத்துக்குச் சக்தி இல்லை. அதற்கு நாடகம் வேண்டும், இல்லாவிட்டால் நாவல் வேண்டும்.

அந்த நாடகத்தை பெர்னார்ட் ஷா எழுதினார். 1905ல் மேடையேறிய 'மேஜர் பார்பரா'. பார்பரா ரட்சணிய சேனையில் மேஜர். பணக்காரக் குடும்பத்துப் பெண். அவளைக் காதலித்து, அவளுக்காகவே சேனையில் சேர்ந்து பெரிய பறையை அடிக்கிறவன் கஸின்ஸ். அவனுக்குத் தொழில் என்ன தெரியுமா? கிரேக்க மொழிப் பேராசிரியர்! யூரிப்பிடீஸை இங்கிலீஷில் மொழிபெயர்த்த கில்பர்ட் மரியை மனசில் வைத்துக்கொண்டு ஷா செய்த பாத்திரம் அது. பறையைத் தூக்கி மாட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பண்டிதனுக்கு, தெருவில் நடப்பது பழைய டயோனைஸஸ் வழிபாடேதான் என்று தெரிந்திருக்கிறது. ஹக்ஸ்லி இழிவாகச் சொன்னதை ஷா சந்தோஷமாகச் சொல்லிவிடுகிறார்: ஆமாம், கோரிபாண்டிக்தான், அதனால் என்ன?

ஆனால் ஷாவின் மேதை அந்தச் சந்தோஷத்தில் இல்லை. இரண்டாம் அங்கத்தின் முடிவில் இருக்கிறது. சாராய முதலாளி ஒருவன், மற்றவர்கள் 5,000 பவுன் கொடுத்தால் தானும் 5,000 பவுன் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அந்த மற்ற 5,000 பவுனைப் பீரங்கி செய்து விற்கிற பார்பராவின் தகப்பனே கொடுத்துவிடுகிறான். சேனை வாங்கிக்கொள்கிறது. வெற்றிக் களிப்பில் பாண்டு முழங்குகிறது, கஸின்ஸ் பறையடிக்கிறான், தகப்பனும் ஒரு வாத்தியத்தை எடுத்து ஊதுகிறான், ஊர்வலம் கிளம்பிப் போகிறது. பார்பரா போகவில்லை. தன் சட்டையிலிருந்த சேனைச் சின்னத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். எந்தச் சாராயத்திலிருந்து ஜனங்களை மீட்கப் புறப்பட்டாளோ, அதே சாராயத்தின் பணத்தில் பறை முழங்குகிறது. அந்தக் கொட்டு தேய்ந்து மறைகிறது. அவளுடைய மௌனம் மேடையில் மிச்சமாக நிற்கிறது. இப்போதுதான் நமக்கு ஆரவாரம் என்றால் என்னவென்று அர்த்தமாகிறது. ஆரவாரத்தை ஆரவாரத்தால் காட்ட முடியாது. பக்கத்தில் ஆடாமல் நிற்கிற ஒரு ஜீவன் வேண்டும்.

இதை ஷாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யூரிப்பிடீஸாகவே இருக்கவேண்டும். அவர் கடைசிக் காலத்தில் எழுதி, அவர் இறந்த பிறகு மேடையேறிய 'பாக்கே' நாடகத்தில், முதல் குழுப்பாட்டிலேயே கோரிபாண்டர்கள் வருகிறார்கள். தோல் கட்டிய வட்டப் பறையைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தாம் என்று அங்கே சொல்லப்படுகிறது. தீப்ஸ் நகரத்துப் பெண்கள் எல்லாரும் டயோனைஸஸின் ஆவேசம் பிடித்து மலைக்கு ஓடிவிட்டார்கள். அவர்கள் குடித்துவிட்டுக் கெட்டுப்போனதாக ராஜா பெந்தியூஸ் கூவுகிறான். அவனும் ஒரு ஹக்ஸ்லிதான்; ஹக்ஸ்லியின் அறிவு இல்லாத ஹக்ஸ்லி. பிறகு தூதன் வந்து, மலையில் தான் கண்டதைச் சொல்லுகிறான். அவன் முதலில் சொல்வது என்ன? அந்தப் பெண்கள் மரத்தடியில் அடக்க ஒடுக்கமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான்! ஒளிந்திருந்து அவர்களைப் பிடிக்க முயன்ற பிறகே அவர்கள் மாடுகளைக் கையாலேயே கிழித்தெறிகிறார்கள்.

கடைசியில் பெந்தியூஸையே, தாய் அகாவே முன்னின்று, பெண்கள் கிழித்துப்போடுகிறார்கள். அதையும் யூரிப்பிடீஸ் மேடையில் காட்டவில்லை. இன்னொரு தூதன் வாய்மொழியாகவே தருகிறார். அந்தக் கொலைக்கு ஒரு க்ஷணம் முந்தி காற்று நின்றுவிடுகிறது, இலை அசையவில்லை, ஒரு மிருகத்தின் குரலும் இல்லை என்று அவன் சொல்லுகிறான். நான் படித்தவற்றுள் வெறியைப் பற்றிய மிகப் பயங்கரமான வர்ணனை, வெறியே இல்லாத இந்த நிசப்தந்தான்.

அதற்குப் பிறகு வருகிறது இன்னும் பெரிய காட்சி. சிங்கத்தைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு, மகன் தலையைக் கையில் பிடித்தபடி அகாவே களிப்போடு வருகிறாள். அவளுடைய கிழத் தகப்பன் காட்மஸ் அவளைத் திட்டவில்லை, அடைமொழி ஒன்றும் போடவில்லை. வானத்தை நிமிர்ந்து பார் அம்மா என்கிற தோரணையில் ஆரம்பிக்கிறான். முன்போலவே தெரிகிறதா, தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்கிறான். யாருக்கு வாழ்க்கைப்பட்டாய், யாரைப் பெற்றாய் என்று ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டு வருகிறான். எல்லாவற்றுக்கும் அவள் சரியாகப் பதில் சொல்லிவருகிறாள். கடைசியில்தான் அந்தக் கேள்வி: உன் கையில் இருக்கிறது யாருடைய தலை? வைத்தியர்கள்கூட மெச்சத்தக்க நிதானம். வெறியை வர்ணிக்கப் பலரால் முடியும். வெறி தெளிவதை எழுத நூற்றில் ஒருவனால்தான் முடியும். ரோமக் கவி கட்டுல்லஸும் சிபெலெயின் பூசாரியான அட்டிஸைப் பற்றிப் பாடும்போது இதைத்தான் செய்தார். பாட்டின் சிகரம் பறையோடு ஓடுகிற இரவு அல்ல. ஆவேசம் கலைந்து விழித்து, கடற்கரையில் நின்று, இனித் திரும்ப முடியாத சொந்த ஊரை நினைத்துப் புலம்புகிற காலைப் பொழுது.

நாவலில் இதற்கு உதாரணம் கேட்டால், பலரும் படித்திருக்கக்கூடிய டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை'யைச் சொல்லுவேன். 1859ல் வெளிவந்த நாவல். பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருக்கிறது. லூஸி தன் புருஷன் அடைபட்டிருக்கிற சிறைக்குக் கீழே தெரு மூலையில், அவன் ஜன்னல் வழியாகப் பார்க்கக் கூடும் என்ற நம்பிக்கையில், தினமும் வந்து நிற்கிறாள். பனி விழுந்துகொண்டிருக்கிற ஒரு நாள், ஒரு கும்பல் கார்மன்யோல் ஆடிக்கொண்டு தெருவை அடைத்து வருகிறது. வாத்தியம் கிடையாது, அவர்கள் பாட்டே வாத்தியம். கைகோத்து, பிரிந்து, சுழன்று, நின்று, மறுபடியும் பாய்ந்து போய்விடுகிறார்கள். டிக்கன்ஸுக்கு அடைமொழிகளில் ஆசை அதிகம். இங்கேயும் தாராளமாகத்தான் போடுகிறார். ஆனால் கும்பல் போனபிறகு அவர் செய்கிற காரியந்தான் அந்தப் பக்கத்தைக் காப்பாற்றுகிறது. ஒன்றுமே நடக்காததுபோலப் பனி மறுபடியும் மெத்தென்று, வெள்ளையாக, சத்தமில்லாமல் விழுகிறது. லூஸி பயந்து நிற்கிறாள். அந்தப் பனி இல்லாவிட்டால் அந்த ஆட்டம் வெறும் விவரம்.

நம் தமிழுக்கு இந்த வார்த்தை வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை, நம்மிடம் 'வெறி' இருக்கிறது. அதுவும் பூர்வத்தில் தெய்வம் ஏறிய வார்த்தைதான். வெறியாட்டு என்பதைத் தொல்காப்பியமே சொல்லுகிறது. 'வெறி' என்றால் நறுமணம் என்றும் பழைய பொருள் உண்டு. அந்த மணமெல்லாம் போய்விட்டது. குடிவெறி, பணவெறி, சாதிவெறி, வெறிநாய் என்று எஞ்சியது வசை மாத்திரமே. ஹக்ஸ்லி தம் அடைமொழிக்குச் செய்ததைக் காலம் நம் வார்த்தைக்குச் செய்துவிட்டது.

ஆனால் சங்கப் பாடல்களில் வெறியாட்டு வருகிற இடங்களைப் பாருங்கள். பெண் மெலிந்துபோகிறாள். தாய் பயந்து வேலனைக் கூப்பிடுகிறாள். களம் இழைக்கிறார்கள், மணல் பரப்புகிறார்கள், வேலன் கழங்கு போட்டுப் பார்த்து முருகன் அணங்கியது என்கிறான், ஆட்டுக் குட்டி பலியாகிறது. தோழிக்கும் பெண்ணுக்கும் மட்டும், இது முருகனால் வந்தது அல்ல, மலைநாட்டுக்காரன் ஒருவனால் வந்தது என்று தெரியும். நற்றிணைப் பாட்டு ஒன்றில் தோழி, வேலனை விட்டுவிட்டு முருகனையே பிடித்துக்கொள்கிறாள்: தெய்வமாக இருந்தும் உனக்கு விஷயம் தெரியவில்லையே என்கிறாள். கவிகள் வெறியாட்டின் பக்கத்தில் பேசாத ஒரு பெண்ணை நிறுத்தி வைத்தார்கள். களத்தின் நடுவில் பறை; ஓரத்தில் உண்மை. ஷாவின் பார்பராவும், டிக்கன்ஸின் லூஸியும் நிற்கிற இடம் இதுதான். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. விஷயத்தின் இயல்பே அப்படி என்றுதான் கொள்ளவேண்டும்.

நம் தொடர்கதைகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. கதாநாயகன் ஆவேசமாகக் கத்துகிறான், வெறியோடு பாய்கிறான், பித்துப்பிடித்தவன்போல் சிரிக்கிறான். எல்லாம் ஒரே பக்கத்தில். பக்கத்தில் சும்மா இருக்கிறவர் ஒருவரும் கிடையாது. வாசகரும் சும்மா இருந்துவிடக்கூடாதே என்று ஆசிரியருக்குப் பயம். இந்தப் பயத்தை பிளேட்டோ நன்றாக அறிந்திருந்தார். 'அயான்' என்ற சம்வாதத்தில், கவிகள் கோரிபாண்டர்களைப்போல் தன்னிலை இழந்தே பாடுகிறார்கள் என்று ஸாக்ரடீஸ் சொல்லுகிறார். ஹோமரை மேடையில் பாடிப் பிழைக்கிற அயானுக்கு ஏகப் பெருமை. சோகக் கட்டம் வந்தால் தன் கண்ணில் நீர் வருகிறது, பயங்கரம் வந்தால் மயிர் கூச்செறிகிறது என்கிறான். அதே மூச்சில், மேடையிலிருந்து ஜனங்களின் முகத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பதாகவும் சொல்லிவிடுகிறான். அவர்கள் அழுதால்தானே தனக்குப் பணம் கிடைத்துச் சிரிக்கலாம்! ஆவேசத்தில் இருந்துகொண்டே கல்லாப்பெட்டியில் ஒரு கண். இது ஆவேசமா என்று ஸாக்ரடீஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. நாம் கேட்கலாம்; விமரிசனம் என்பது அந்தக் கேள்விதான்.

பிளேட்டோவின் பெருமை, அந்த ஆட்டத்தை அவர் வெளியிலிருந்து மட்டும் பார்க்கவில்லை என்பது. முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் ஓர் இடம் வருகிறது. குழந்தையைத் தூங்கப்பண்ண வேண்டுமானால் தாய் அதை அசையாமல் வைப்பதில்லை. கையில் வைத்து ஆட்டுகிறாள், பாடுகிறாள். உள்ளே பயத்தால் ஒரு கலக்கம். வெளியிலிருந்து கொடுக்கிற ஆட்டம் அந்தக் கலக்கத்தை வென்று அமைதி தருகிறது. கோரிபாண்டச் சடங்குகளும் இப்படித்தான் குணப்படுத்துகின்றன என்கிறார். தூளியும் தாலாட்டும் தெரிந்த நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. பறையும் தாலாட்டும் ஒரே இனம் என்று கண்டுகொண்டவன், தெருவில் ஆடுகிறவர்களை ஒற்றை அடைமொழியால் அடித்துத் தள்ளமாட்டான்.

அந்த வார்த்தையைத் தன்னைப்பற்றியே ஒருவன் சொல்லிக்கொள்வதும் பிளேட்டோவில்தான் இருக்கிறது. விருந்துச் சம்வாதத்தில், குடித்துவிட்டு மாலையும் கழுத்துமாக நுழைகிற ஆல்ஸிபியாடீஸ், ஸாக்ரடீஸின் பேச்சைக் கேட்டால் கோரிபாண்டர்களைவிடத் தன் நெஞ்சு அதிகமாகத் துள்ளுகிறது என்கிறான். சொல்லிவிட்டு, அந்தப் பேச்சின்படி நடக்கத் தனக்குச் சக்தியில்லை என்றும் அழுகிறான். துள்ளல் மட்டும் அவனுக்கு, காரியம் இல்லை.

இன்னொருவர் ஸாக்ரடீஸேதான். கி.மு. 399. சிறைச்சாலை. தப்பித்துப்போக எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, விடிவதற்கு முன்னால் கிரிட்டோ வந்து கெஞ்சுகிறான். ஸாக்ரடீஸ் நிதானமாக வாதம் செய்கிறார். ஊரின் சட்டங்களே எதிரே வந்து நின்று பேசுவதுபோலப் பேசிக் காட்டுகிறார். முடிவில், கோரிபாண்டர்கள் காதில் குழலோசை கேட்டுக்கொண்டேயிருப்பதுபோல் என் காதில் இந்தப் பேச்சு ஒலிக்கிறது, வேறு ஒன்றும் கேட்கவில்லை என்கிற கருத்தில் சொல்லிவிட்டு, சாகிறதற்காக அங்கேயே இருந்துவிடுகிறார். கை அசையவில்லை, கால் அசையவில்லை. எதிரே இருந்த கிரிட்டோவுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. நான் அறிந்தவரையில் இலக்கியத்தில் இருக்கிற மிகப் பெரிய கோரிபாண்டிக் காட்சி இதுதான். அகராதி சொல்லுகிற அர்த்தத்தை வைத்துக்கொண்டு பார்த்தால், இங்கே ஒன்றுமே நடக்கவில்லை.